ரெண்டு கமிட்டி, ஒரே சார்ட்: மல்லாட்டை பில்லை வெச்சு ஒரு ஸ்கேட்டர் சார்ட் பாடம்

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எக்செல்ல ஸ்கேட்டர் சார்ட் போடுறதைப் பத்திப் பேசப்போறோம். அதுவும் ஒரே சார்ட்டுக்குள்ள ரெண்டு மூணு சீரிஸை வெக்கிறது எப்படின்னு. "இதைக் கேக்கவா ஹெட்போன் மாட்டினேன்"னு நினைக்காதீங்க. இந்தச் சார்ட்டை நான் ஆபீஸ்ல கத்துக்கல. எங்க அப்பாவும் மாமாவும் அஞ்சு மாசம் பேசாம இருந்தாங்க, அப்பதான் கத்துக்கிட்டேன்.

எங்க ஊரு திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல, கூட்டேரிப்பட்டு பக்கம். ரெண்டு ஊருக்கும் இடையில சுமாரா 40 கிலோமீட்டர். எங்க பக்கத்துல நிலக்கடலையை யாரும் நிலக்கடலைன்னு சொல்ல மாட்டாங்க. மல்லாட்டைன்னுதான் சொல்வாங்க, இல்லன்னா மணிலா. விளைஞ்சதை விக்கிறதுக்கு திண்டிவனத்துல ஒரு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கு, விழுப்புரத்துல ஒண்ணு இருக்கு. ஊர்ல அதுக்குப் பேரு கமிட்டி. மூட்டையை இறக்கி வெச்சா, வியாபாரிங்க பார்த்துட்டு ஆளாளுக்கு ஒரு விலையை எழுதிப் போடுவாங்க. மறைமுக ஏலம். எது அதிகமோ அதுதான் உங்க சரக்கோட விலை.

அப்பா எப்பவும் திண்டிவனம் கமிட்டிக்குத்தான் போவாரு. மாமா, அதாவது அம்மாவோட தம்பி, எப்பவும் விழுப்புரம். ஒரு தீபாவளிக்கு அப்புறம் மாமா வந்து, "நாப்பது மூட்டைய திண்டிவனத்துல கொண்டுபோய்க் கொட்டினீங்களே, மூட்டைக்கு எண்ணூறு ரூபாய் போச்சு"ன்னு சொன்னாரு. கணக்குப் போட்டா 32,000 ரூபாய். அப்பா, "உங்க ஊரு வண்டி வாடகைய யாரு குடுப்பாங்க?"ன்னு கேட்டாரு. பேச்சு எங்கெங்கயோ போய், கல்யாணத்துல போடாத மோதிரம் வரைக்கும் வந்து நின்னுது. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பேசல. நடுவுல மாட்டிக்கிட்டது அம்மாதான்.

நான் சென்னையில டேட்டா பாக்குற வேலையில இருக்கேன். சரி, பில்லை எல்லாம் எடுத்துப் பார்த்துடுவோம், எண்ணு சொல்லட்டும்னு இறங்கினேன். அப்பாகிட்ட நாலு வருஷத்துப் பில் ஒரு மஞ்சப்பையில இருந்துச்சு. மாமா பில்லை அத்தைகிட்ட கேட்டு வாங்கி வாட்ஸ்அப்ல போட்டோவா வரவெச்சேன். மொத்தம் 23 பில்.

புள்ளி வெக்கிறதுக்கு முன்னாடி

சார்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு வேலை இருந்துச்சு. இதைச் செய்யாம போட்ட சார்ட் எவ்வளவு அழகா இருந்தாலும் பொய்தான்.

முதல் வேலை, ஒரே பொருளான்னு பாக்குறது. ரெண்டு பில்லு மல்லாட்டையைத் தோலோட, காயாவே வித்தது. மத்ததெல்லாம் உடைச்சு பருப்பா வித்தது. காய் விலையையும் பருப்பு விலையையும் ஒரே சார்ட்டுல வெக்க முடியாது. அந்த ரெண்டையும் ஒதுக்கினேன். மிச்சம் 21. அப்பாவோடது 12, மாமாவோடது 9.

ரெண்டாவது, ஒரே அளவான்னு பாக்குறது. பில்லுல விலை மூட்டைக்கு இருக்கும். பருப்பு மூட்டை 80 கிலோ. ஆனா அரசாங்கத்தோட அக்மார்க்நெட் தளத்துல விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு இருக்கும். மூட்டை விலையை 1.25-ஆல பெருக்கினா குவிண்டால் விலை. மூட்டைக்கு 8,000 ரூபாய்னா குவிண்டாலுக்கு 10,000. இதை மறந்து ஒரு சீரிஸை மூட்டைக் கணக்குலயும் இன்னொண்ணைக் குவிண்டால் கணக்குலயும் போட்டா, ஒரு ஊரு சும்மாவே இன்னொரு ஊரைவிட மேல போய் உக்காந்துக்கும்.

மூணாவது, பக்கத்துல வெக்க இன்னொரு எண் வேணும். "வரத்து அதிகமானா விலை இறங்கும்"னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா? அதனால ஒவ்வொரு பில் தேதிக்கும் அன்னைக்கு அந்தக் கமிட்டிக்கு எத்தனை டன் வரத்துன்னு தேடி எடுத்தேன். அந்தத் தளத்துல ஒவ்வொரு சந்தைக்கும் வரத்து இருக்கும், குறைஞ்ச விலை, அதிக விலை, பெரும்பாலும் வித்த விலைன்னு மூணும் இருக்கும். நான் வரத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, விலைக்கு எங்க பில்லையே வெச்சுக்கிட்டேன்.

லைன் சார்ட் இங்க ஏன் வேலைக்காகாது

நம்மள்ல பல பேரு பண்ற தப்பு இது: ரெண்டு காலத்தை செலக்ட் பண்ணி லைன் சார்ட்டைப் போட்டுடுவோம். லைன் சார்ட்டுக்கு கீழ் அச்சுல இருக்கிறது வெறும் பேரு. 10 டன், 12 டன், 60 டன்னு இருந்தா மூணையும் சம இடைவெளியில நிக்க வெச்சிடும். பத்துக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரமோ அதே தூரம்தான் பன்னெண்டுக்கும் அறுபதுக்கும்.

ஸ்கேட்டர் சார்ட்டுக்கு ரெண்டு அச்சுமே எண்ணுதான். ஒவ்வொரு பில்லும் ஒரு புள்ளி. இடம் வலமா வரத்து, கீழ மேல விலை. ரெண்டு எண்ணுக்கு நடுவுல உறவு இருக்கான்னு கேக்கும்போது இதுதான் சரியான சார்ட். முதல்ல புள்ளிகளை மட்டும் போடுங்க, கோட்டால இணைக்காதீங்க. இணைச்சா ஷீட்டுல எந்த வரிசையில எழுதினீங்களோ அந்த வரிசையில கோடு குறுக்கும் நெடுக்கும் ஓடும். குழந்தை கிறுக்கின மாதிரி ஆயிடும்.

நான் 21 பில்லையும் ஒரே சீரிஸா போட்டேன். வந்த படத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துச்சு. வரத்து ஏற ஏற விலையும் ஏறுது! எந்தச் சந்தையிலயாவது அப்படி நடக்குமா? அப்பாகிட்ட காட்டினா, "ஏம்மா, இதுக்கா கம்ப்யூட்டரு?"ன்னு கேட்டிருப்பாரு.

ஆறு எண்ணு, நீங்களே போட்டுப் பாருங்க

இங்க என்ன நடந்துச்சுன்னு புரியறதுக்கு ஒரு சின்னப் பயிற்சி. இது நான் பாடத்துக்காக உருவாக்கின எண்கள், எந்தச் சந்தையோட நிஜ விலையும் கிடையாது.

முதல் செட்: வரத்து 10, 20, 30 டன். விலை 9,200, 9,100, 9,000.
ரெண்டாவது செட்: வரத்து 40, 50, 60 டன். விலை 10,400, 10,300, 10,200.

ஆறையும் ஒண்ணாப் போட்டு ட்ரெண்ட்லைன் கேளுங்க. கோடு மேல ஏறும். ஒரு டன் கூடினா விலை 28 ரூபாய்க்கு மேல ஏறுதுன்னு சொல்லும். இப்ப ரெண்டு செட்டையும் தனித்தனி சீரிஸா பிரிச்சு, தனித்தனி ட்ரெண்ட்லைன் போடுங்க. ரெண்டு கோடும் கீழ இறங்கும். ஒரு டன் கூடினா 10 ரூபாய் குறையுது. அதே ஆறு புள்ளிதான், ஒண்ணு கூட நகரல. ஆனா பதில் தலைகீழா மாறிடுச்சு.

இது பாடப்புத்தக வித்தை மட்டும் இல்லைங்க. டேட்டா சயின்ஸ் படிச்ச எல்லாருக்கும் ஐரிஸ் பூ டேட்டா தெரிஞ்சிருக்கும். எட்கர் ஆண்டர்சன் அளந்த பூக்கள் அது. 1936-ல ரொனால்ட் ஃபிஷர் தன்னோட கட்டுரையில பயன்படுத்தினாரு. மூணு இனம், இனத்துக்கு 50 பூ, மொத்தம் 150. புறவிதழோட நீளத்தையும் அகலத்தையும் வெச்சு 150-ஐயும் ஒரே சீரிஸா போட்டா, நீளம் கூடினா அகலம் லேசா குறையுற மாதிரி தெரியும். மூணு இனத்தையும் மூணு நிறத்துல பிரிச்சா, ஒவ்வொரு இனத்துக்குள்ளயும் நீளம் கூடினா அகலமும் கூடுது. இந்த மாதிரி தலைகீழ் விஷயத்துக்கு சிம்ப்சன் முரண்னு பேரு. 1951-ல இதைப் பத்தி எழுதின எட்வர்ட் சிம்ப்சன் பேரால வந்தது.

சரி, பிரிக்கிறது எப்படி?

இப்ப லேப்டாப்பைத் திறங்க. மூணு வழி சொல்றேன்.

முதல் வழி, எல்லா சீரிஸுக்கும் கீழ் அச்சு ஒண்ணேன்னா. அப்ப சுலபம். முதல் காலத்துல எக்ஸ், அடுத்தடுத்த காலத்துல ஒவ்வொரு சீரிஸோட ஒய். மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஸ்கேட்டர் கொடுத்தா எக்செல் முதல் காலத்தை எல்லாருக்கும் பொதுவா எடுத்துக்கும்.

ஆனா எங்க கதையில அப்படி இல்ல. அப்பா போன நாளும் மாமா போன நாளும் வேற, வரத்தும் வேற. ஒவ்வொரு சீரிஸுக்கும் தனி எக்ஸ் வேணும். இதுதான் ரெண்டாவது வழி. முதல் சீரிஸை மட்டும் வெச்சு சார்ட் போடுங்க. சார்ட் மேல ரைட் கிளிக், செலக்ட் டேட்டா, ஆட். அங்க மூணு பெட்டி வரும்: சீரிஸ் பேரு, எக்ஸ் மதிப்புகள், ஒய் மதிப்புகள். ஒய் பெட்டியில எக்செல் தானாவே அடைப்புக்குறிக்குள்ள ஒரு 1-ஐப் போட்டு வெச்சிருக்கும். அதை அழிச்சிட்டு உங்க காலத்தை செலக்ட் பண்ணுங்க. இல்லன்னா எர்ரர் காட்டும். லிப்ரேஆபீஸ் கால்க்லயும் டேட்டா ரேஞ்சஸ்ங்கிற இடத்துல இதையே பண்ணலாம்.

மூணாவது வழி, கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துறவங்களுக்கு. ஷீட்ஸ்ல ஒரு சார்ட்டுக்கு ஒரு எக்ஸ் காலம்தான். அதனால படிக்கட்டு மாதிரி அடுக்கணும். எக்ஸ் காலத்துல முதல்ல அப்பாவோட வரத்து 12, அதுக்குக் கீழயே மாமாவோட வரத்து 9. அடுத்த காலம் அப்பா விலை: முதல் 12 வரியில மட்டும் எண்ணு, மிச்சம் காலி. அதுக்கடுத்த காலம் மாமா விலை: முதல் 12 வரி காலி, கடைசி 9-ல எண்ணு. மொத்தத்தையும் செலக்ட் பண்ணி ஸ்கேட்டர் போட்டா ரெண்டு நிறத்துல வந்துடும். எக்செல்லயும் எனக்குப் பிடிச்ச வழி இதுதான், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இதுல ரெண்டு பள்ளம் இருக்கு, நான் ரெண்டுலயும் விழுந்தேன். ஒண்ணு, எக்ஸ் காலத்துல ஒரே ஒரு செல்லுல "12 டன்"னு எழுத்தோட அடிச்சுட்டேன். எண்ணுக்கு நடுவுல எழுத்து வந்த உடனே எக்செல் மொத்த எக்ஸையும் விட்டுட்டு 1, 2, 3-னு வரிசை எண்ணை எடுத்துக்கிச்சு. "டன்"ங்கிறதைத் தலைப்புல மட்டும் எழுதுங்க. இன்னொண்ணு, காலி செல். நீங்க கையால காலியா விட்டா பிரச்சினை இல்ல. ஃபார்முலா போட்டு, இல்லன்னா வெத்து மேற்கோள்குறின்னு கொடுத்தா, பார்க்கத்தான் காலி. எக்செல் அதை எழுத்துன்னு நினைச்சு பூஜ்ஜியத்துல புள்ளி வெச்சிடும். திடீர்னு மல்லாட்டை இனாமா வித்த மாதிரி தெரியும். அந்த இடத்துல என்.ஏ. ஃபங்ஷனைக் கொடுத்தா புள்ளி விழாது.

எந்தக் காலத்தை வெச்சுப் பிரிக்கிறது?

நான் ஊரை வெச்சுப் பிரிச்சேன். திண்டிவனம் நீலம், விழுப்புரம் ஆரஞ்சு. அச்சு அசல் அந்த ஆறு புள்ளிப் பயிற்சி மாதிரியே ரெண்டு கூட்டம். விழுப்புரம் கூட்டம் மேல இருக்கு, திண்டிவனம் கூட்டம் கீழ இருக்கு. மாமா ஜெயிச்சுட்டாரு. வேலை முடிஞ்சுதுன்னு அம்மாவுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பப் போனேன்.

அதுக்குள்ள பில் தேதியைப் பார்த்தேன். அப்பா பில்லு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. மாமா பில்லு பெரும்பாலும் பங்குனி, சித்திரை. அப்பதான் உறைச்சுது.

அப்பா நிலம் மானாவாரி. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற ஆளு. மல்லாட்டை சுமாரா 105 நாள் பயிர், ஆடியில போட்டா பிடுங்குறது வடகிழக்குப் பருவமழை நேரத்துல. களத்துல காய வெச்சா மழை, அள்ளி வெச்சா வெயிலு. மாமாவுக்குக் கிணறு இருக்கு. மார்கழி, தையில இறவையில போட்டு, பங்குனி வெயில்ல பிடுங்கிக் காய வெப்பாரு. காயை எடுத்து காதுகிட்ட ஆட்டினா கலகலன்னு சத்தம் கேக்கும். வியாபாரி கையில எடுத்த உடனே அவருக்குத் தெரிஞ்சிடும்.

அப்ப நான் பார்த்த ரெண்டு கூட்டம், ரெண்டு ஊரா, இல்ல ரெண்டு பட்டமா? சார்ட் சொல்லாது. ஏன்னா அப்பா ஊரும் அப்பா பட்டமும் ஒண்ணாவே வருது, மாமாவோடதும் அப்படித்தான். சீரிஸுக்கு "திண்டிவனம்"னு பேரு வெச்சதே நான்தான். "மானாவாரி"ன்னு பேரு வெச்சிருந்தாலும் கிட்டத்தட்ட இதே படம்தான் வந்திருக்கும்.

இந்த இடத்துலதான் அந்த மூணாவது வழி உதவுச்சு. ஷீட்டுல பட்டம்னு ஒரு காலத்தைச் சேர்த்து, ஃபார்முலாவை மாத்தினா போதும், சீரிஸ் தானா மாறிடும். இப்ப நாலு சீரிஸ் போட்டேன். பட்டத்துக்கு நிறம்: மானாவாரி நீலம், இறவை ஆரஞ்சு. ஊருக்கு வடிவம்: திண்டிவனம் வட்டம், விழுப்புரம் முக்கோணம். நிறம், வடிவம் ரெண்டையும் பயன்படுத்தினா ஒரே சார்ட்டுல ரெண்டு கேள்வி கேக்கலாம். கறுப்பு வெள்ளையில பிரிண்ட் எடுத்தாலும் ஊராவது பிரிஞ்சு தெரியும்.

இப்ப நான் தேடினது ஆரஞ்சு வட்டத்தையும் நீல முக்கோணத்தையும். அதாவது வழக்கத்தை மீறின பில்லு. மூணே மூணுதான் இருந்துச்சு. அப்பா பக்கத்துக் கிணத்துல தண்ணி வாங்கி இறவை போட்ட ஒரு வருஷம், திண்டிவனத்துல வித்த ரெண்டு பில். மாமா ஒரு தடவை மழைக்குள்ள பிடுங்கி விழுப்புரத்துல வித்த ஒரு பில். அப்பாவோட ரெண்டு ஆரஞ்சு வட்டமும் மேல, மாமாவோட முக்கோணக் கூட்டத்துக்கு நடுவுல இருந்துச்சு. மாமாவோட நீல முக்கோணம் கீழ, அப்பா கூட்டத்துல கிடந்துச்சு. விலை வருஷத்துக்கு வருஷம் மாறுமேன்னு உங்கள்ல யாராவது கேப்பீங்க. சரியான கேள்வி. அந்தந்த வருஷத்துப் பில்லோட மட்டும் சேர்த்து வெச்சுப் பார்த்தேன், அப்பவும் அப்படித்தான் இருந்துச்சு.

மூணு புள்ளியை வெச்சு எந்தக் கமிட்டி நல்லதுன்னு தீர்ப்பு சொல்ல முடியாது. நானும் சொல்லல. ரெண்டு வீட்டுப் பில்லு அது, அவ்வளவுதான். ரகம்னு ஒரு காலம் போட்டிருந்தா அதுவும் ஒரு கதை சொல்லியிருக்கும். திண்டிவனத்துலயே எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கு. 1940-ல வந்த டி.எம்.வி. 2 மல்லாட்டையோட பேருல இருக்கிற டி.எம்.வி., திண்டிவனத்தைத்தான் குறிக்குது. ஆனா எங்க வீட்டுல ரகத்தை யாரும் எழுதி வெக்கல. எழுதாத காலத்தை வெச்சுப் பிரிக்க முடியாது இல்லையா?

ஆனா ஒண்ணு மட்டும் தெளிவாச்சு. 32,000 ரூபாய்க்கு ஊருதான் காரணம்னு சொல்ல எங்க பில்லுல ஆதாரம் இல்ல. ஈரம்தான் காரணம்னு சந்தேகப்பட இருக்கு.

மஞ்சப்பைக்குத் திரும்பி

சார்ட்டை பிரிண்ட் எடுத்துட்டு ஊருக்குப் போனேன். முதல்ல அப்பாகிட்ட காட்டினேன். அவரு ட்ரெண்ட்லைனை எல்லாம் பாக்கல. அந்த ரெண்டு வட்டத்து மேல விரலை வெச்சு, "இது அந்தக் கிணத்துத் தண்ணி போட்ட வருஷமா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்புறம் அந்த நீல முக்கோணத்தைக் காட்டி, "இது யாரோடது?"ன்னாரு. மாமாவோடதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "அந்த வருஷம் அவனுக்கு ரொம்ப நஷ்டம். என்கிட்ட சொல்லவே இல்ல பாரு"ன்னாரு.

அன்னைக்குச் சாயந்திரம் அப்பாவே போன் பண்ணாரு. மோதிரத்தைப் பத்தி ரெண்டு பேரும் வாயே திறக்கல. அடுத்த ஐப்பசிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து பெரிய தார்ப்பாய் ஒண்ணு வாங்கினாங்க. அப்பா இன்னமும் திண்டிவனம் கமிட்டிக்குத்தான் போறாரு, மாமா விழுப்புரத்துக்குத்தான் போறாரு.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு சார்ட் இருக்கும். ரெண்டு டீம், ரெண்டு கிளை, ரெண்டு நிறம், ஒண்ணு மேல ஒண்ணு கீழ. யாரையாவது குறை சொல்றதுக்கு முன்னாடி சீரிஸ் பேரை மாத்திப் பாருங்க. ஊருக்குப் பதிலா மாசம், டீமுக்குப் பதிலா வாடிக்கையாளர் வகை. அப்புறம் தப்பான கூட்டத்துல போய் உக்காந்திருக்கிற அந்த ரெண்டு மூணு புள்ளியைத் தேடுங்க. எடுத்துப் போட்டுடலாம்னு தோணும். போடாதீங்க, முதல்ல அது யாரோட பில்லுன்னு கேளுங்க.

அந்த ஆறு எண்ணை இன்னைக்கே அடிச்சுப் பாருங்க, அஞ்சு நிமிஷம்தான். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.